தலை காக்கும் கவசம்

லயத்திலிருந்து பெரட்டுக்களத்திற்கும் பால்மரக் காட்டிற்கும் மோட்டார் சைக்கிளில் செல்லும் தோட்டப் பாட்டாளிகள் பலரிடம் ஒரே எண்ணம் நிலவக் காண்கிறோம். “பெரிய சாலைக்கா போகிறோம்? இந்தக் கொஞ்சத் தூரத்திற்குத் தலைக்கவசம் எதற்கு?” என்பதே அது. போலீஸ்காரரின் கண்ணுக்காகவே கவசம் அணியப்படுகிறது என்னும் தவறான கருத்திலிருந்து பிறந்த வினா இது. இதற்கு விடை காண்போம்.

மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்பொழுது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடும். நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தாலும் தலை இவ்வேகத்தில் மோதக்கூடும். ஆகவே, மெதுவாகச் செல்வதோ அருகிலுள்ள இடத்திற்குச் செல்வதோ மட்டும் நம்மைக் காத்துவிடாது. மழையில் வழுக்கும் செம்மண் பாதையும், குறுக்கே ஓடும் மரவேரும், விடியற்கால இருளும் தோட்டத்திற்குள்ளேயே இருக்கின்றன அல்லவா?

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோட்டிற்குள் அது ஒருவகை நீரில் மிதக்கிறது. தலை தரையில் மோதியதும் மண்டையோடு நின்றுவிடும். மூளையோ உடனே நிற்காமல் எலும்பின்மீது மோதும். அதனால் மூளை கன்றிப்போவதும், இரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே இரத்தம் கசிவதும் உண்டு.

முட்டையைச் சிமெண்டுத் தரையில் போட்டால் உடைகிறது. தவிட்டு மூட்டையின்மேல் போட்டால் தப்பிவிடுகிறது. தவிடு அமுங்கி இடங்கொடுப்பதே காரணம். தலைக்கவசத்தின் உட்புறத்திலுள்ள கெட்டியான நுரை அடுக்கும் அவ்வாறே நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறது. வெளி ஓடு அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. தாடைவாரோ கவசம் கழன்றோடாமல் காக்கிறது.

இவ்வுண்மையை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ். மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1941இல் வெளிவந்தது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2008இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. நம் மலேசியாவில் ஓட்டுநரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டுமென்னும் விதிகள் 1973இல் இயற்றப்பட்டன.

கவசம் வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடக்கூடாது. வாரைப் பூட்டியபின் அதற்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையும் அளவே இடமிருக்கலாம். வார் பூட்டாத கவசம் விபத்தில் தலைக்கு முன்னே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் உள்ளே நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் கவசத்தைத் துடைத்தலும் கூடாது. பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு அவர்களின் தலை அளவிற்கேற்ற கவசம் தேவை. தகப்பனார் கவசத்தோடும் பிள்ளை வெறுந்தலையோடும் செல்வது அன்பாகுமா?

விபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைத்திடுக. காயமுற்றவர் மூச்சுவிடத் தடை இல்லையெனில், கவசத்தைப் பிடித்திழுத்துக் கழற்ற வேண்டா, கழுத்தெலும்பு பழுதடைந்திருக்கக்கூடும். எழுந்து நன்றாகப் பேசுபவரையும் அப்படியே விட்டுவிடலாகாது. உள்ளே கசியும் இரத்தம் சில மணி நேரங்கழித்தும் உயிருக்கு ஊறு செய்யும். வாந்தி, கடுந்தலைவலி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

உடைந்த கை கூடும். உடைந்த வண்டியும் பழுது தீரும். சிதைந்த மூளையை முன்போல் ஆக்கித் தருதல் மருத்துவர்க்கும் அரிது. குடும்பத்தின் உழைப்பைத் தாங்கும் தலைக்கு, வாரைப் பூட்டும் சில விநாடிகளைக் கொடுப்போமாக.