ஆபரேஷன் பகலில்... வலி ராத்திரியில்!

உங்கள் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். சாயங்காலம் 5 மணிக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். ''வலியே தெரியலை! இதுக்குப் போயா இத்தனை நாள் பயந்தேன்?'' என்று மனுஷர் சிரிக்கிறார். இரண்டு இட்லி சாப்பிடுகிறார். மாத்திரையை நீட்டினால், ''வலிக்காதப்ப எதுக்கு மாத்திரை? அதெல்லாம் சூடு. வலிச்சாப் பாத்துக்கலாம்'' என்று படுத்துவிடுகிறார்.

ராத்திரி 1 மணி. ''அம்மா!'' என்று ஓர் அலறல். இரும முடியவில்லை, திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. பதறிப்போய் மாத்திரையைக் கொடுக்கிறீர்கள். அது வேலை செய்ய அரை மணி, ஒரு மணி ஆகிறது. அதற்குள் வீடே விழித்துக்கொண்டுவிட்டது.

தப்பு எங்கே நடந்தது? சாயங்காலம், அந்த இட்லித் தட்டுக்கு முன்னால்தான்!

கடன் வாங்கிய நிம்மதி

ஆபரேஷன் செய்த இடத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பார்கள். அதன் வேலை சில மணி நேரம் நீடிக்கும். கை அல்லது கால் முழுவதும் மரத்துப்போகிற மாதிரி நரம்பில் ஊசி போட்டிருந்தால் அரை நாளுக்கு மேலும் தாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் ''வலியே இல்லை'' என்று சொல்ல வைப்பது இந்த ஊசிதான். மரப்பு விலகியதும் வலி எட்டிப் பார்க்கும்.

வலி முற்றிய பிறகு அடக்குவது கஷ்டம்; வருவதற்கு முன்பே தடுப்பது சுலபம். ஆகவே முதல் மாத்திரையை மரப்பு விலகுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு, டாக்டர் சொன்ன நேரப்படி, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். படுக்கப்போகும்போது ஒரு வேளை விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. வலி குறையக் குறைய மாத்திரையும் குறையட்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சர்ஜன், பத்து வருடங்களில் குழந்தைகளுக்கு 8,988 ஆபரேஷன்களை உள்நோயாளியாகச் சேர்க்காமலேயே செய்ததாக 1909-ல் எழுதினார். சின்னக் குழந்தைக்குத் தாயைவிடச் சிறந்த நர்ஸ் இல்லை என்பது அவர் கட்சி. இன்றைக்கும் அதே கதைதான். அன்றிரவு உங்கள் வீடுதான் வார்டு, நீங்கள்தான் நர்ஸ்!

மாத்திரை டப்பாவில் கவனம்

பாராசிட்டமால்: பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதிகபட்சம் எட்டு. மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறையும். பல ஜலதோஷ மாத்திரைகளிலும் இதே மருந்து ஒளிந்திருக்கிறது. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக்: சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

டிரமடால்: டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வரலாம். மூல ஆபரேஷன் செய்தவர் முக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்! தண்ணீரும், கீரையும், பழமும் தாராளமாகக் கொடுங்கள்.

குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ''எனக்கு இதுதான் கேட்டுச்சு'' என்று பக்கத்து வீட்டு மாமி தரும் மாத்திரையும் வேண்டாம்.

சின்னச் சின்ன உதவிகள்

இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சம்மதித்தால், ஐஸை மெல்லிய துணியில் சுற்றி, தையலை நனைக்காமல் 10 நிமிடம் வைக்கலாம். கை மரத்திருந்தால் சூடான காபி டம்ளரைக் கொடுக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது!

லேப்ராஸ்கோபி செய்தவர் ''வயிறைவிடத் தோள் வலிக்குதே'' என்பார். மாரடைப்போ என்று கலங்கிவிடாதீர்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. சில நாளில் போய்விடும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

வலி சுத்தமாக மறைய வேண்டும் என்பதில்லை. எழுந்து உட்கார, பாத்ரூம் வரை நடக்க, தூங்க முடிகிறதா? அது போதும். படுத்திருக்கும்போது மட்டும் கேட்காமல், அசையும்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்

* மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால்
* ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால்
* தையலில் ரத்தமோ சீழோ வந்தால்
* சிறுநீர் போக முடியாமல் தவித்தால்
* வாந்தி நிற்காவிட்டால். எழுப்பியும் எழாமல் தூங்கினால்
* கெண்டைக்கால் வீங்கி வலித்தால்
* கண்புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணில் கடுமையான வலி வந்தால், பார்வை மங்கினால்

டிஸ்சார்ஜ் ஆகும்போது மறக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: ''மரப்பு எப்போ விலகும்? முதல் மாத்திரை எத்தனை மணிக்கு? ராத்திரி எந்த நம்பருக்குப் போன் பண்றது?'' பதிலை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். இனி அவர் ''சூடு'' என்றால், அந்தத் தாளைக் காட்டுங்கள். ராத்திரி எல்லோரும் தூங்கலாம்!