தொலைபேசியும் நோயாளர் மனப்பாங்கும்: பெண்களின் புற்றுநோய்ப் பராமரிப்பு பற்றிய ஒரு நோக்கு

தொலைமருத்துவம் பற்றிய விவாதங்களில் இரு துருவ நிலைப்பாடுகளைக் காணலாம். கருவியே விமோசனம் தரும் என்பர் ஒரு சாரார். கருவி மனிதத் தொடர்பை அழித்துவிடும் என்பர் மறுசாரார். கருவியைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். நோயாளரின் மனப்பாங்கு கருவியைப் பற்றியதா, அன்றி அதன் வழியே தமக்குக் கிடைக்கும் உறவைப் பற்றியதா என்பதே அடிப்படை வினாவாகும். இங்கிலாந்தின் அனுபவமொன்று இதனைத் தெளிவுபடுத்த உதவும்.

கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களையே தாக்குவது. முதலாம் நிலையிற் கண்டறியப்பட்டுச் சத்திரசிகிச்சை பெற்றோரிற் பெரும்பான்மையோர் நலமடைவர். எனினும், நோய் மீள்கிறதா என அறியும் பொருட்டு அவர்கள் பல ஆண்டுகள் வைத்தியசாலைக்கு அழைக்கப்படுவது வழக்கமாயிருந்தது. நோய் மீளுமிடத்து இரத்தப்போக்கு, வலி முதலிய அறிகுறிகளைப் பெரும்பாலும் முதலில் உணர்பவர் அப்பெண்ணே. அறிகுறி அற்றோரிடத்து வழமையான உடற்பரிசோதனை புதிதாகக் கண்டறிவது சொற்பமே.

இப்பின்னணியில், மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கின்ரா பீவரும் அவர்தம் குழுவினரும் வடமேற்கு இங்கிலாந்தின் ஐந்து மையங்களில் ஆய்வொன்றை நடத்தி, 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். 259 பெண்கள் எழுமாறாக இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழமைபோல் வைத்தியசாலைக்குச் சென்றனர். மற்றையோருடன் விசேட பயிற்சி பெற்ற தாதியர் தொலைபேசியில் உரையாடினர். தொலைபேசிப் பிரிவினரின் உளப் பதகளிப்பு மற்றையோரினதை விஞ்சவில்லை. பெற்ற தகவல்கள் பற்றிய திருப்தியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயின், தம்மைக் காக்கவைத்தனர் என்று கூறியோர் வைத்தியசாலைப் பிரிவிலேயே அதிகம்; தமது நிலைமையைத் தாதி அறிந்திருந்தார் என்று கூறியோரோ தொலைபேசிப் பிரிவில் அதிகம்.

இவ்விறுதி அம்சம் ஆழ்ந்து நோக்கற்பாலது. நேருக்கு நேர் சந்திப்பதே நெருக்கத்தைத் தரும் என்ற பொதுநம்பிக்கையை இது கேள்விக்குள்ளாக்குகின்றது. நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் நோயாளி ஒரு கோவையாகவும் இலக்கமாகவும் சுருங்கிவிடுவதுண்டு. அங்கு கழியும் நேரம் அவருடையதன்று, நிறுவனத்தினுடையது. தொலைபேசி அந்நேரத்தை அவருக்கு மீட்டுக்கொடுத்தது. எனினும், அவரை அறிந்துகொண்டது தொலைபேசியன்று. தாதியின் பயிற்சியும் பொறுமையும் நிறைந்த உழைப்பே. அவ்வுழைப்பைக் காணாது கருவியை மட்டும் புகழ்வது, நெய்தவரை மறந்து தறியைப் போற்றுவதற்கு ஒப்பாகும்.

2020 இல் கொவிட் பெருந்தொற்றுப் பரவியபோது தொலைபேசிச் சந்திப்பு தெரிவு என்ற நிலையிலிருந்து நிர்ப்பந்தமாயிற்று. அதே ஆண்டில் பிரித்தானியப் பெண்ணோய்ப் புற்றுநோய்ச் சங்கம், தேவை ஏற்படும்போது நோயாளரே தொடர்புகொள்ளும் பின்தொடர் முறைக்கான வழிகாட்டலை வெளியிட்டது. இம்முறையில் நன்மை உண்டு. தன் உடலைப் பற்றிய பெண்ணின் அறிவுக்கு இது மதிப்பளிக்கின்றது. ஆபத்தும் உண்டு, அழைப்பை ஏற்பதற்கு அனுபவமுள்ள தாதி இல்லாதவிடத்து, சுயாதீனம் என்பது கைவிடலுக்கு இடப்பட்ட நாகரிகப் பெயராகிவிடும்.

அன்றியும், லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் இந்திய, பாகிஸ்தானியத் தொழிலாளர் 1950களிலும் 1960களிலும் பெருமளவிற் குடியேறினர். அக்குடும்பங்களில் ஆங்கிலம் சரளமாகப் பேசவியலாத மூதாட்டியொருவர், உறவினர் சூழ்ந்திருக்கும் அறையில், மகனின் மொழிபெயர்ப்பினூடாகத் தன் இரத்தப்போக்கைப் பற்றிக் கூறவேண்டியிருப்பின், அத்தொலைபேசி அவருக்கு எதனை வழங்கும்? தனிமையும் மொழியும் சமமாகப் பங்கிடப்படாத சமூகத்தில் ஒரே கருவி ஒருவருக்கு விடுதலையாகவும் இன்னொருவருக்கு வாய்ப்பூட்டாகவும் அமையலாம்.

எனவே, “நோயாளர் தொலைமருத்துவத்தை விரும்புகின்றனரா?” என்ற வினா போதியதன்று. யாருடைய நேரம் மிச்சமாகிறது, யாருடைய உழைப்பு அதனைச் சாத்தியமாக்குகிறது, யாருடைய குரல் கம்பியின் மறுமுனையை எட்டாது போகிறது என்பனவும் உடன் வினவப்படல் வேண்டும். அப்போதுதான் மனப்பாங்கு பற்றிய ஆய்வு மக்கள் சார்ந்த ஆய்வாக அமையும்.