உங்களுக்குத் தெரியுமா? கறுப்புப் புழுவும் பாஸ் மீனின் கண்ணும்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பும் புதியவர், தூண்டில் கடையில் முதலில் திணறுவது நிறத்தில்தான். ஒரே ரப்பர் புழு, ஒரே அளவு, ஆனால் சுவர் முழுக்க விதவிதமான நிறங்களில் பைகள் தொங்கும். அதில் கறுப்பு, கருநீலம், கத்தரி ஊதா, கரும்பச்சை என்று அடர்நிறங்களே ஒரு பெரிய குடும்பம். எதை எடுப்பது? இந்த இதழ் முழுக்க அந்தக் குடும்பத்தின் கதைதான்.

● பாஸ் என்றதும் நம் மீன் சந்தைக் கொடுவாவை நினைக்க வேண்டாம். ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று எழுதி வைப்பது கொடுவாவை. இது வேறு. வட அமெரிக்காவின் ஏரி, குளங்களில் வாழும் நன்னீர் மீன். பெயரே பெருவாய் பாஸ். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நம் விராலைப் போலக் கொடிக்குள்ளும் பாசிக்குள்ளும் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். விராலுக்கு ரப்பர் தவளை போட்டுப் பழகியவர்களுக்கு இதன் குணம் சட்டென்று பிடிபட்டுவிடும்.

● ரப்பர் புழு என்று சொல்கிறோமே தவிர, அது ரப்பர் இல்லை. பி.வி.சி. தூளை ஓர் எண்ணெய்ப் பதமான திரவத்தில் கலந்த குழம்பு அது. பச்சையாக இருக்கும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சுமார் 175 டிகிரி செல்சியஸ் சூட்டை நெருங்கும்போது முதலில் கட்டிதட்டி, பிறகு இளகி, கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் சாயமும் மினுக்குத் துகளும் சேர்த்து அச்சில் ஊற்றினால், ஆறியதும் வழவழவென்று நெளியும் புழு தயார்.

● முதல் பிளாஸ்டிக் புழு பிறந்தது ஒரு வீட்டு அடுப்படியில். 1949-இல் ஓஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மனைவியோடு சேர்ந்து அடுப்பில் குழம்பு காய்ச்சி, மண்புழுவைப் பார்த்துச் செய்த அச்சில் வார்த்துப் பார்த்தார். பின்னாளில் அவருடைய புழுத் தொழில் டெக்சஸின் டைலர் நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

● பாஸ் மீனுக்கு நிறம் தெரியுமா? தெரியும். ஆனால் நம்மைப் போல இல்லை. நம் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. பாஸுக்கு இரண்டே வகை. ஒன்று ஏறத்தாழ 535 நானோமீட்டரில், அதாவது பச்சையில், கூர்மையாக இருக்கிறது. மற்றொன்று 614 நானோமீட்டருக்கு அருகே, சிவப்புப் பக்கம். நீலத்துக்கென்று தனிக் கூம்பு கிடையாது.

இதை இல்லினாய் பல்கலைக்கழகத்தார் மீனிடமே கேட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட நிறத்தை நாடிப் போனால் தீனி என்று மீன்களைப் பழக்கினார்கள். பிறகு வேறு நிறங்களை முன்னால் வைத்து, ஏமாறுகிறதா என்று சோதித்தார்கள். 2019-இல் வெளியான முடிவு இது: சிவப்புக்குப் பழகிய மீன் சிவப்பை நன்றாகவே பிரித்தறிந்தது; பச்சைக்குப் பழகியதும் அப்படியே. ஆனால் பளீர் எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அவை குழப்பிக்கொண்டன. கறுப்பையும் நீலத்தையும் அதேபோல.

தூண்டில்காரர்கள் தலைமுறையாக நம்பிவரும் ஜோடி என்ன தெரியுமா? கறுப்பும் நீலமும்தான். கலங்கல் தண்ணீரா, 'பிளாக் அண்ட் புளூ' போடு என்பது அங்கே பாலபாடம். என் கணிப்பு இதுதான்: அந்த நம்பிக்கை சரி, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் சரியில்லை. நீலத்தின் அழகு நமக்குத் தெரிகிறது. மீனுக்குத் தெரிவது அழுத்தமான ஒரே இருட்டு உருவம். நடுநடுவே துகள்கள் வெளிச்சத்தில் வெட்டும் மினுக்கு. அந்த உருவமே போதும், பாஸ் வாயைத் திறக்க.

● கலங்கிய நீரில் கறுப்பு ஏன் எடுபடுகிறது? வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் செம்மண்ணைக் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் நன்றாக நீர்த்த தேயிலை டிகாக்ஷன். கறுப்புப் புழு ஒன்றையும் வெளிர்பழுப்புப் புழு ஒன்றையும் ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டு, ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். மண் தண்ணீரில் மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து, டம்ளர் முழுக்க ஒரு பழுப்புத் திரை விரித்திருக்கும். வெளிர்புழு அந்தத் திரையோடு கரைந்துபோகும். கறுப்புப் புழு மட்டும் விளிம்பு மாறாமல் நிற்கும், வெள்ளைச் சுவரில் பல்லி நிற்பதுபோல. டிகாக்ஷனில் நடப்பது வேறு. அங்கே பார்வை தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் நீலமும் பச்சையும் வடிந்து, செம்மஞ்சள் வெளிச்சம் மட்டுமே மிஞ்சும். நீலப்புழு இருந்தால் அதிலும் விட்டுப் பாருங்கள், கறுத்துக் காட்டும்.

● அந்த டிகாக்ஷன் தண்ணீர் கற்பனை இல்லை. ஃபுளோரிடாவின் பல ஏரிகளும் ஆறுகளும் அதே நிறம்தான். சதுப்பில் அழுகும் இலை, பட்டைகளிலிருந்து இறங்கும் டானின் சாயம் அது. அந்த ஊரின் செல்ல நிறம் 'ஜூன் பக்'. பெயர் ஒரு வண்டினுடையது. பையில் பார்த்தால் கத்தரிக்காய்த் தோல். உள்ளே பச்சை மினுக்கு. ஜூன் பக்கையும் கறுப்பு-நீலத்தையும் பக்கத்துப் பக்கமாகப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கறுப்பு அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கும். ஜூன் பக்கின் மெல்லிய வால் மட்டும் நாவற்பழச் சாறுபோலச் சிவந்த ஊதாவாக ஒளிரும். உடல் இருட்டு, வால் அரை வெளிச்சம். அடர்நிறம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்தது அந்த வால்தான். ஒளி ஊடுருவுகிறதா இல்லையா என்பது, நிறத்தின் பெயரைவிட முக்கியம்.

● அடிப்புறமிருந்து பார்க்கும் மீனுக்கு, மேலே வானவெளிச்சம் ஒரு வட்ட ஜன்னலாகத் தெரியும். ஒளி வளைவதால் வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஜன்னலைக் கடக்கும் எந்தப் புழுவும், ஒளி புகாததாக இருந்தால், நிழலாகத்தான் தெரியும். மேலாக இழுக்கும்போது நிறத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. தரையில் ஊர விடும்போதுதான் நிறத்துக்கு வேலை.

● இரவில் மீன் பிடிப்பவர்கள் புழுவையும் கறுப்பாகவே எடுப்பது புதியவர்களைக் குழப்பும். இருட்டில் கறுப்பா? ஆம். நிலாவோ நட்சத்திரமோ, மேலே கொஞ்சம் வெளிச்சம் எப்போதும் இருக்கிறது. அதற்கு எதிரே கறுப்பின் விளிம்புதான் கூர்மை. அதிலும் 25 சென்டிமீட்டர் நீளப் பெரும்புழு என்றால் நிழலும் பெரிது, நீரை அசைப்பதும் அதிகம். பாஸின் விலாவில் ஓடும் பக்கக்கோடு அந்த அசைவை உணர்ந்துகொள்ளும்.

● மீனுக்கு இமை இல்லை. வெளிச்சம் கூடினால் குறைந்தால் என்ன செய்யும்? விழித்திரைக்குள்ளேயே இடம் மாற்றும். பகலில் நிறமறியும் கூம்புகள் வெளிச்சத்தின் பக்கம் வர, இருட்டுக்கான கோல் செல்கள் நிறமிப் படலத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். அந்தியில் இது தலைகீழ். இந்த இடமாற்றம் நொடியில் முடிவதில்லை, நிமிடக் கணக்கில் ஆகும். பொழுது சாயும் அந்த நேரத்தில் நிறங்களுக்குள் வேறுபாடு மங்கி, உருவத்துக்கு மதிப்பு ஏறுகிறது. கறுப்புப் பையை எடுக்கும் வேளை அது.

● நிறத்தைச் சொல்லித்தர 1980-களில் ஒரு கருவியே வந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் லோரன் ஹில் உருவாக்கிய 'கலர்-சி-லெக்டர்'. கம்பியில் கட்டிய உணரியைத் தண்ணீரில் இறக்கினால், முள் ஒரு நிறத்தைக் காட்டும். தெளிந்த நீர், மங்கல் நீர், கலங்கல் நீர் என்று மூன்று பட்டைகள். பலர் விழுந்தடித்து வாங்கினார்கள். இன்று படகுகளில் அதைக் காண்பது அரிது. ஆனால் முதலில் தண்ணீரைப் பார், அப்புறம் நிறத்தை எடு என்று அது போட்ட வரிசை சரியானது.

● கருவி இல்லாமலும் தண்ணீரை அளக்கலாம். 1865-இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். ஏரி ஆய்வாளர்கள் இன்றும் செய்வது அதைத்தான். நமக்கு ஒரு வெள்ளை மூடி, கொஞ்சம் தூண்டில் நரம்பு, ஓர் ஈயக்குண்டு போதும். ஒரு அடிக்குள் மூடி மறைந்தால் கறுப்பு-நீலம். இரண்டு மூன்று அடி வரை தெரிந்தால் ஜூன் பக். அதற்கும் கீழே தெரிந்தால் 'கிரீன் பம்ப்கின்'. இது என் கணக்கு. மூன்று பைக்கு மேல் வாங்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

● கிரீன் பம்ப்கின் என்பது பழுப்பு கலந்த கரும்பச்சை. கறுப்பு மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள். இது ஏன் எல்லா ஊரிலும் ஓடுகிறது என்றால், ஏரியடியில் ஊரும் நன்னீர் இறால்வகையான கிரேஃபிஷுக்கும் சிறு மீன்களின் முதுகுக்கும் ஏறக்குறைய இதே நிறம்.

● நிறத்துக்குப் பழச்சுவைப் பெயர் சூட்டியவர் அலபாமாவின் யூஃபாலா ஊரைச் சேர்ந்த டாம் மான். அவருடைய 'ஜெல்லி வோர்ம்' புழுக்கள் திராட்சை, பிளாக்பெர்ரி என்று ஜாம் பாட்டில் வரிசைபோல இருக்கும், வாசனையோடு. 1973-இல் ஸ்ட்ராபெர்ரிப் புழுவில் சிக்கிய ஒரு பாஸை அவர் தொட்டியில் வளர்த்தார். பெயர் லிராய் பிரவுன். 1980-இல் அது இறந்தபோது பலர் கூடி இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அதற்குச் சிலையும் இருக்கிறது.

● கறுப்புப் புழுவையும் வெளிர்புழுவையும் ஒரே பையில் போடாதீர்கள். சாயம் ஊறி இறங்கி, ஒரு மாதத்தில் வெளிர்புழுவின் முதுகில் கரும்பட்டை விழுந்திருக்கும். சில பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டால் டப்பாவே இளகிப் புழுவோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய பையிலேயே இருக்கட்டும்.

● பிய்ந்த புழுவை ஏரியில் வீசுவது பெரும் தீங்கு. அது மக்காது. மீன்கள் அதை விழுங்கி வயிற்றில் சுமக்கின்றன. 2013-இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் இத்தகைய மென்புழுக்களைத் தடைசெய்ய ஒரு மசோதாவே வந்தது. ஜப்பானின் கவாகுச்சி ஏரியில் தடையே இருக்கிறது. கறுப்புப் புழு கீழே விழுந்தால் சேற்றில் கண்ணுக்கும் தெரியாது. படகிலேயே ஒரு டப்பா வைத்து அதில் போட்டுவிட வேண்டும்.

● அந்த டப்பா நிறைந்ததும் என்ன செய்வது? சொந்தமாக வார்ப்பவர்கள் மறுபடி உருக்குகிறார்கள். திறந்தவெளியில், தனி அடுப்பில், சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில்; சூடு மிஞ்சினால் பி.வி.சி. புகை நெஞ்சைத் தாக்கும். பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று என்னதான் போட்டாலும், கிளறக் கிளற எல்லாம் சேர்ந்து சேற்றுப் பழுப்பாகிவிடும். அதில் நாலைந்து சொட்டுக் கறுப்புச் சாயம் விட்டு அச்சில் ஊற்றுகிறார்கள்.