மூக்கில் குடியேறும் கிருமி

தேக்காவுக்கு அணித்தான டான் டோக் செங் உள்ளிட்ட சிங்கப்பூர் மருத்துவமனைகளில், சேர்க்கப்படும் நோயாளியின் மூக்கினுள் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுப்பதுண்டு. தேடப்படுவது, மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். (கிரேக்கத்தில் ‘ஸ்டாபிலே’ திராட்சைக்குலையைக் குறிக்கும், உருப்பெருக்கியில் கிருமிகள் அவ்வாறே கொத்தாகத் தோன்றும். 1880களில் ஆக்ஸ்டன் இட்ட பெயர் அது.)

இக்கிருமியின் மருந்துக்கு அடங்கும் வகை, நலமுடையோரிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரது மூக்கில் வாழ்கிறது. அடங்காத வகைக்கு இடங்கொடுக்கும் வாய்ப்பு, அண்மையில் மருத்துவமனையில் தங்கியோர், நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டோர், தாதிமை இல்லவாசிகள், ஆறாப்புண் உடையோர் ஆகியோர்க்கே மிகுதி.

இந்நிலையைத் தமிழில் ‘தொற்று’ என்று பெயர்ப்பது பிழை. இது குடியேற்றம், கிருமி புண்ணிலோ குருதியிலோ புகுந்து நோய் விளைத்தால்தான் தொற்று. ‘தொற்று’ என்று கேட்ட பிள்ளைகள் பாட்டியின் தட்டைத் தனியே ஒதுக்கிவிடுகின்றனர். தாதியர் அவர்களிடம் வேண்டுவதோ கைகழுவுதலே.