வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த பாட்டு

இங்கிலாந்தில் பி.பி.சி. 1964 ஜனவரி 1-ல் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதில் வரும் பாடகர்களின் முடியையும் உடையையும் பார்த்து இளைஞர்கள் தாங்களும் மாறினார்கள். நமக்கு அப்படி வாய்த்தது தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எண்பதுகளில் வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் சோழவரத்தில் சாயங்காலமே அடுப்பு வேலை முடிந்துவிடும். ஆன்டெனாவைத் தெற்கே சென்னைப் பக்கம் திருப்பி, “தெரியுதா?” என்று மாடியிலிருந்து ஒருவர் கத்துவார். டி.வி. இருக்கும் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். சினிமாக் கொட்டகைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும் பெண்களுக்கு, யாரையும் கேட்காமல் கிடைத்த சந்தோஷம் அது. பாட்டில் பார்த்த ரவிக்கைக் கையைத் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

1993-ல் சன் டி.வி. வந்தது, பாட்டுக்குக் காத்திருப்பது குறைந்தது. இப்போதோ கைப்பேசியில் ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு மூலை.

சகோதரிகளே, வாரத்தில் ஒரு சாயங்காலம் கைப்பேசிகளை ஓரமாக வையுங்கள். மாமியாருக்குப் பிடித்த பாட்டு ஒன்று, பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒன்று, உங்களுக்குப் பிடித்தது ஒன்று என்று டி.வி.யில் போட்டு எல்லோருமாகப் பாருங்கள். உங்கள் பாட்டை மட்டும் விட்டுக்கொடுத்து விடாதீர்கள்!