ஆப்பின் ஃபைலைத் திறந்து தோற்றத்தை மாற்றலாமா? கை வைக்கும் முன் இதைப் படிங்க!

நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆப். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லா இருக்குமே என்று தோன்றும். செட்டிங்ஸில் தேடினால் அந்த வசதி இருக்காது. “உள்ளே இருக்கிற ஃபைலைத் திறந்து நாலு வரி மாத்துங்க, வேலை முடிஞ்சுது” என்பார் பக்கத்து சீட் நண்பர். அவர் சொல்வது நிஜம்தான். ஆனால், பாதி நிஜம்!

எப்படி முடிகிறது?

விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் போன்ற டெஸ்க்டாப் ஆப்கள் ‘எலக்ட்ரான்’ என்ற தொழில்நுட்பத்தில் இயங்குபவை. 2013-ல் கிட்ஹப் நிறுவனத்தில் உருவானது இது. எளிமையாகச் சொன்னால், இந்த ஆப்கள் குரோமியம் பிரவுசருக்குள் ஓடும் இணையப் பக்கங்கள் மாதிரி. நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் தீர்மானிப்பது சிஎஸ்எஸ். அதில் கை வைத்தால் தோற்றம் மாறும்.

சிக்கல் எங்கே?

முதலில், அப்டேட். ஆப் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரில் நீங்கள் செய்த மாற்றம், அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும்.

இரண்டாவது, சோதனை. விஎஸ் கோட் தன் முக்கிய ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்கும். மாறியிருந்தால், ‘இன்ஸ்டலேஷன் பழுதாகியிருக்கிறது’ என்ற ரீதியில் எச்சரிக்கும். மேக் கணினியில் ஆப்பின் டிஜிட்டல் கையொப்பம் குலைந்து, அது திறக்காமலே போகலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தோற்றத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் ரெடிமேட் கருவிகளில் ஜாவாஸ்கிரிப்ட்டும் இருக்கலாம். ஆப்புக்குள் ஓடும் அந்த கோட், உங்கள் லாகின் டோக்கனையே எடுத்து வேறு யாருக்கோ அனுப்ப முடியும். அது கிடைத்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். தவிர, ஆப்பை இப்படி மாற்றுவதை டிஸ்கார்டின் விதிகள் அனுமதிப்பதில்லை.

நேர்வழி உண்டா?

உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் நம் சிஎஸ்எஸ்ஸை, நமக்கான புரொஃபைல் ஃபோல்டரில் தனி ஃபைலாக வைக்கலாம். 2019-ல் வந்த 69-வது பதிப்பிலிருந்து இந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அப்டேட் வந்தாலும் ஃபைல் அழியாது. ஆனால், பிரவுசரின் உள்கட்டமைப்பு மாறினால் சில வரிகள் வேலை செய்யாமல் போகலாம். விஎஸ் கோடிலும் பெரும்பாலான நிறங்களை யூசர் செட்டிங்ஸ் ஃபைலிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, கணக்கு சிம்பிள். புரொஃபைல் ஃபோல்டர் நம் வீட்டுச் சுவர். பிடித்த பெயின்ட் அடிக்கலாம். இன்ஸ்டால் ஃபோல்டர் கட்டடத்தின் தூண். உடைத்துப் பார்க்கக் கூடாது. எதை மாற்றினாலும் முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். புரியாத ஒரு வரியைக்கூட ஒட்டாதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால், ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!