சிறப்புப் படை வீரரைப் பகடை ஆட்டத்துக்கு உருவாக்குவது எப்படி?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நகர்த்தும் மேசை ஆட்டத்தை நீங்கள் ஆடியிருக்கலாம். ஆடியதில்லை என்றாலும் பரவாயில்லை. நாலைந்து பேர் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநர் (சூழலை விவரித்து, எதிரிகளையும் ஊர்க்காரர்களையும் பேசவைப்பவர்). மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பாத்திரத்தின் திறமைகள் ஒரு தாளில் எண்களாக இருக்கும். 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி.

அந்தத் தாளில் ஒரு சிறப்புப் படை வீரரை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் எல்லா எண்களையும் உச்சத்துக்கு ஏற்றிவிடுவார்கள். குறி தப்பாது, தனி ஆளாகப் பத்துப் பேரைச் சாய்ப்பார், ஆறு மொழி பேசுவார். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நாலு வாரம் ஆட முடியாது, சலித்துவிடும்.

அப்படியானால் அவரிடம் என்னதான் சிறப்பு? கல்யாணச் சமையல் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும், விறகு நனைந்தாலும், இருநூறு பேர் கூடுதலாக வந்தாலும் அவர் சாம்பார் கெடாது. எல்லோருக்கும் தெரிந்த வேலையை மோசமான சூழலிலும் பிசகாமல் செய்கிறார், அவ்வளவுதான். சிறப்புப் படை வீரரும் அப்படித்தான்.

இதை எண்ணில் எப்படிக் காட்டுவது? 1986 முதல் வெளிவரும் 'கர்ப்ஸ்' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவீர்கள். கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. திறமை 12 என்றால் வெற்றி வாய்ப்பு சுமார் 74 சதவீதம். 16 என்றால் 98 சதவீதம். பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

இப்போது இருட்டு, அவசரம், குளிர் எல்லாம் சேர்ந்து 4 புள்ளி குறைகிறது என்று வையுங்கள். 12 இருந்தவர் 8-க்கு இறங்குவார். அவருடைய வாய்ப்பு 26 சதவீதமாகச் சரிந்துவிடும். 16 இருந்தவர் 12-க்கு இறங்கினாலும் 74 சதவீதம் கையில் இருக்கும். சிறப்புப் படை என்பதற்கு அர்த்தம் இந்த இடைவெளிதான். ஆகவே பாத்திரத்தின் முக்கியமான இரண்டு மூன்று திறமைகளுக்கு 15 அல்லது 16 கொடுங்கள். மற்றவை 11, 12-இல் இருக்கட்டும். 20 கொடுத்தீர்களானால் 4 புள்ளி குறைந்த பிறகும் 98 சதவீதம்தான், பகடை உருட்டுவதற்கே அவசியம் இருக்காது.

எந்த இரண்டு மூன்று திறமைகள் என்று கேட்பீர்கள். அது அவர் குழுவில் பார்க்கும் வேலையைப் பொறுத்தது. அமெரிக்கத் தரைப்படையின் 'கிரீன் பெரே' குழுவில் 12 பேர். தலைவராக ஒரு கேப்டன், அவருக்குத் துணையாக ஒரு வாரன்ட் அதிகாரி, குழுவைக் கட்டி மேய்க்கும் மூத்த சார்ஜென்ட், உளவுத் தகவலுக்கு ஒருவர். ஆயுதம், வெடிபொருளும் கட்டுமானமும், மருத்துவம், தகவல் தொடர்பு ஆகிய நான்குக்கும் தலா இருவர். தேவைப்பட்டால் ஆறாறு பேராகப் பிரிந்து போகலாம் என்பதற்காகத்தான் இந்த இரட்டை ஏற்பாடு.

உங்கள் மேசையில் நான்கு பேர்தான் இருக்கிறீர்களா? பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையில் நால்வர் ரோந்து என்ற முறை உண்டு. மருத்துவம், வானொலி, வெடிபொருள், மொழி என்று ஆளுக்கொன்று. இதோடு ஒவ்வொருவரும் இன்னொருவரின் வேலையையும் ஓரளவு கற்றிருப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருத்துவராக ஆடும் நண்பர் ஒரு வாரம் வராமல் போனால் ஆட்டம் நிற்காது.

துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்றால், அதற்கு ஒரு வரி போதும். எந்த மாடல் என்று இணையத்தில் இரவெல்லாம் தேடுவதால் பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடாது.

உயிர் வருவது படையில் சேர்வதற்கு முந்தைய வாழ்க்கையிலிருந்து. 2001 அக்டோபரில் 595 என்ற எண் கொண்ட கிரீன் பெரே குழு வடக்கு ஆப்கானிஸ்தானில் இறங்கியது. உள்ளூர்த் தளபதி தோஸ்தமின் ஆட்களோடு சேர்ந்து போகக் கிடைத்த வாகனம் குதிரை. மரச் சேணம், குறுகலான மலைப்பாதை. குழுவில் பெரும்பாலோருக்குக் குதிரையேறிப் பழக்கமே இல்லை. தலைவர் கேப்டன் மார்க் நட்ச் கான்சாஸ் மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். எந்தப் பயிற்சித் திட்டத்திலும் முக்கியமாக இல்லாத அவருடைய சிறுவயதுப் பழக்கம் அங்கே குழுவுக்குக் கைகொடுத்தது. உங்கள் தாளிலும் அப்படி ஒரு திறமைக்கு இடம் விடுங்கள். அப்பாவின் கடையில் ரேடியோ பழுது பார்த்தது, மீன்பிடிப் படகு ஓட்டியது, எதுவானாலும் சரி. எப்போது உதவும் என்று திட்டமிட வேண்டாம். நல்ல நடத்துநர் அதற்கொரு சந்தர்ப்பம் உண்டாக்குவார்.

சண்டை இல்லாத நாளில் இவர் என்ன செய்வார்? கிரீன் பெரேயின் முக்கியமான வேலையே உள்ளூர்ப் படைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான். அவர்களின் மருத்துவ சார்ஜென்ட்டுக்குப் பல் வைத்தியமும் கால்நடை வைத்தியமும்கூடக் கற்றுத்தருகிறார்கள். ஊர்ப் பெரியவரின் ஆட்டைப் பிழைக்கவைத்து அவர் நம்பிக்கையைப் பெறுவது ஓர் இரவு முழுக்க ஆடத் தகுந்த காட்சி. மொழியையும் அளவோடு எழுதுங்கள். சந்தையில் பேரம் பேச வரும், இரண்டு பெரியவர்கள் கோபத்தில் வேகமாகப் பேசினால் பாதி புரியாது.

யாரோடும் ஒட்டாத, முறைத்துக்கொண்டே இருக்கும் தனியாளாக எழுதலாமா? எழுதாதீர்கள் என்பேன். இந்தப் படைகளின் தேர்வில் வரைபடத்தோடு தனியே வழி கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு, பாரத்தைச் சேர்ந்து சுமக்கும் குழுச் சோதனையும் உண்டு. ஒத்துப்போகாதவர் அங்கேயே கழிக்கப்பட்டுவிடுவார். கர்ப்ஸில் 'கடமை', 'தோழர்கள் மீதான பொறுப்பு' போன்றவை குறைகளாகக் கணக்கிடப்படும். அவற்றை ஏற்றுக்கொண்டால் திறமைக்குச் செலவிடப் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். தலைவரின் உத்தரவும் நண்பரின் உயிரும் எதிரெதிராக நிற்கும்போது, தாளில் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான் உங்களைத் திணறவைக்கும்.

உடம்பையும் மறக்காதீர்கள். முப்பது வயது தாண்டியவர், பல வருடம் கனத்த பையைச் சுமந்தவர். முழங்காலோ முதுகோ ஒன்றாவது வலிக்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் வெடிச்சத்தத்தை அதிகம் வாங்கும். அந்தக் காதில் சற்று மந்தம் என்று எழுதி, காவலிருக்கும் இரவுகளில் ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தேர்ந்தவர்களுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்ற சந்தேகம் நியாயமானதே. 1991 ஜனவரியில் இராக்குக்குள் போன 'பிராவோ டூ ஜீரோ' என்ற எஸ்.ஏ.எஸ். குழுவில் எட்டுப் பேர். கனத்த சுமை, கிடைக்காத வானொலித் தொடர்பு, எதிர்பாராத கடுங்குளிர். மூவர் இறந்தார்கள். அவர்களில் இருவரைக் கொன்றது குளிர். நால்வர் பிடிபட்டார்கள். ஒருவர் மட்டும் நடந்தே சிரியா போய்ச் சேர்ந்தார். எட்டுப் பேருமே தேர்ந்த வீரர்கள்தான்.

எனவே முதல் ஆட்டத்துக்கு முன்பே நடத்துநரிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, திட்டமிடுவதற்குப் பலன் வேண்டும். கர்ப்ஸில் ஒரு வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் 1 புள்ளி கூடும், நான்கு மடங்கு எடுத்தால் 2 கூடும். இந்த விதியை மறக்காமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, எதிரிகளைப் பெருக்குவதற்குப் பதிலாகக் குளிரையும் தூரத்தையும் பையின் எடையையும் அவர் ஆயுதமாக எடுக்கட்டும். பையில் இருப்பதை எல்லாம் கிலோ கணக்கோடு எழுதிக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று நாளைக்கு எத்தனை லிட்டர் என்று அவரே முதலில் கேட்பார்.